எத்தனை கோடு

எங்கள் வீட்டில் கேபிள் எப்போதுமே கிடையாது, டீச்சர். கூரையில் ஒரு ஆன்டெனா, அதிலிருந்து ஜன்னல் வழியாக இறங்கும் ஒரு கறுப்பு வயர், அவ்வளவுதான். இருபத்திரண்டு சேனல் வருகிறது. செய்தி, பந்து விளையாட்டு, வானிலை எல்லாம் நேரலையில் பார்க்கலாம். மழை நாளில்கூடப் படம் கலங்காது. தம்பியின் கைராசி என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் இப்போது இருப்பது அவன் மாட்டியது இல்லை.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அவன் போய்விட்ட செய்தி எப்படியோ உங்கள் காதுக்கு எட்டியிருக்கிறது. துக்கம் விசாரித்து நாலு வரி, அதற்குக் கீழே ஒரே ஒரு கேள்வி. 'எந்த வீட்டுக் கூரையில் ஏறினாலும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறுபவர், சொந்த வீட்டில் ஏன் கட்டவில்லை?' பதினோரு வருஷத்தில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நீங்கள் கணக்கு டீச்சர். விடை வராத கணக்கை அப்படியே விட்டுவிட உங்களுக்கு மனம் வராது. சொல்கிறேன்.

அம்மா போனபோது அவனுக்கு நாலு வயது, எனக்குப் பதினாறு. அப்பா அதற்கு முன்பே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போயிருந்தார். நான் தையல் கற்றுக்கொண்டேன். பழைய துணியைப் பிரித்து அளவு மாற்றித் தைப்பதுதான் என் பிழைப்பு. அவனுக்கு முதல் பல் விழுந்ததும் மீசை அரும்பியதும் என் கண் முன்னால்தான். என்னைப் பெண் கேட்டு இரண்டு இடம் வந்தது. இரண்டு இடத்திலும் பையனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டேன், அதோடு பேச்சு நின்றது. அதை அவனிடம் ஒரு தடவைகூட நான் சொல்லிக்காட்டியதில்லை. அந்த ஒரு நல்ல குணம் என்னிடம் உண்டு.

அவன் தொழிலைப் பற்றி உங்களுக்குத் தெரியும். சைக்கிள் பின்னால் ஆன்டெனாவைக் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்து ஊரில் எல்லோரும் 'கொம்பன்' என்றார்கள். அவனும் அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்ப்பான். "காத்துல சும்மா வர்றதுக்கு எதுக்குங்க கேபிள்? மூச்சு விடறதுக்குமா மாசாமாசம் பணம் கட்டுறீங்க?" என்று சொல்லித்தான் வேலை பிடிப்பான். உங்கள் வீட்டிலும் அதையே சொல்லியிருப்பான். அன்று அரை மணி வேலைக்கு மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டு வந்தான். "சிக்னல் சரியா கிடைக்கலக்கா" என்றான். சட்டைக் காலரைத் தடவிக்கொண்டே சொன்னான். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை. முதல் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நீங்களே டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தீர்கள். அப்படிப்பட்ட பெண் யாருக்குக் கிடைக்கும். ஆனாலும் உங்களை 'நீ' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கவனித்திருப்பீர்கள்.

பிறகு அந்த வேலை வந்தது. ஒன்பது மணி நேர ரயில் தூரத்தில் ஒரு ஊர், அங்கே ஒளிபரப்புக் கோபுரத்தில் வேலை, பக்கத்திலேயே குடியிருக்க வீடு. உங்களுக்கும் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கும் என்றான். "நீயும் வந்துடுக்கா. உன்னை விட்டுட்டுப் போவேனா?" என்றான். உண்மையாகவே கூப்பிட்டான், மறைக்க மாட்டேன். நான் யோசித்துப் பார்த்தேன். உங்கள் சமையலறையில் நான் எந்தப் பக்கம் நிற்பது? நீங்கள் இருவரும் சிரித்துப் பேசும்போது எந்த அறைக்குள் போய் உட்காருவது? "எனக்கு என் மிஷின் போதும்டா, நீங்க ரெண்டு பேரும் சந்தோஷமா போயிட்டு வாங்க" என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது.

புறப்பட ஐந்து நாள் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. புது ஆன்டெனா ஒன்று வாங்கி வந்திருந்தான். பழையதில் ஏழு சேனல்தான் வந்துகொண்டிருந்தது. ஊர் முழுக்க மாட்டினானே தவிர, சொந்த வீட்டுக்கு அவனுக்கு நேரம் கிடைத்ததில்லை. "நான் போனப்புறம் நீ தனியா இருப்ப. டிவியாவது நல்லா தெரியட்டும்" என்றான்.

எங்கள் வீடு மாடியில், மேலே சிமென்ட் ஷீட் போட்ட கூரை. முந்தின மாதம் ஒழுகல் பார்க்க வந்த கூரைக்காரர் மேலே ஏறி இறங்கிவிட்டு என்னிடம் சொன்னார்: "தெருப்பக்கம் வெளிய நீட்டியிருக்கிற மூலையில கட்டையை மொத்தமா கரையான் தின்னுடுச்சும்மா. மாத்தறவரைக்கும் அங்க ஒரு பூனையைக்கூட விடாதீங்க." தம்பி அப்போது வேலைக்குப் போயிருந்தான். வந்ததும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அன்று மறந்துவிட்டது. அதற்கப்புறம் மறக்கவில்லை, ஆனால் சொல்லவும் இல்லை. ஏன் என்று அப்போது என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கயிறு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அவன் அதை எடுத்துப் பார்த்தான், மறுபடியும் மாட்டிவிட்டான். "வெளி வீடுன்னா கயிறு வேணும். இங்கதான் கீழ நீ இருக்கியே" என்று சிரித்துவிட்டு ஏணியில் ஏறினான். உங்கள் கேள்விக்கு இதுதான் விடை, டீச்சர்.

அவனுக்கு ஷீட்டின்மேல் நடக்கத் தெரியும். ஆணி வரிசை போகிற இடத்தில் அடியில் கட்டை இருக்கும், அதன்மேல்தான் கால் வைப்பான். கம்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இடம் மாற்றி மாற்றி நின்றான். நான் டிவி முன்னால் ஜன்னலோரம் நின்றேன். திரையின் ஓரத்தில் சிக்னலைக் காட்டும் கோடுகள் தெரியும். மொத்தம் ஐந்து.

"எத்தனை கோடுக்கா?"

"ரெண்டு."

அது உண்மை. படம் கட்டம் கட்டமாக உடைந்துகொண்டிருந்தது. அவன் கொஞ்சம் நகர்ந்தான்.

"இப்போ?"

அப்போது படம் வந்துவிட்டது. காலை நேரச் சமையல் நிகழ்ச்சி, நேரலை. நீல ஏப்ரன் கட்டிய ஒரு பெண் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியில் ஒட்டியிருந்த தண்ணீர்த்துளிகூடத் தெரிந்தது. ஐந்து கோடும் நிரம்பியிருந்தது. நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். இனிமேல் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான் நிற்பேன் என்று தோன்றியது.

"ரெண்டுதான்டா," என்றேன். "இன்னும் கொஞ்சம் தெருப்பக்கம் போ."

"இப்போ?"

"ஒண்ணு கூடியிருக்கு. இன்னும் கொஞ்சம்."

நான் அதிகம் கேட்கவில்லை. ஒரு கால் ஒடிந்தால் போதும் என்று நினைத்தேன். மூன்று மாதம் கட்டுப் போட்டுப் படுத்திருப்பான், அதற்குள் அந்த வேலை வேறு யாருக்காவது போய்விடும். கீழே வாசலில் வெயிலுக்குப் போட்ட பழந்துணி மூட்டை கிடக்கிறது, அதன்மேல் விழுவான் என்றும் நினைத்தேன். மூட்டையைக் காலையில் நானே உள்ளே எடுத்து வைத்தது ஷீட் முறியும் சத்தம் கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது.

கழுத்துக்குக் கீழே முதுகெலும்பு முறிந்துவிட்டது என்றார்கள். கால் போயிற்று, கையும் போயிற்று. பேச்சு மட்டும் மிஞ்சியது. ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும், "என் தப்புதான்க்கா, கயிறு கட்டியிருக்கணும்" என்றான். நான் அவன் நெற்றியைத் தடவிக்கொடுத்தேன்.

ஆறு மாதம் ஞாயிறுதோறும் வந்தீர்கள். "அவன் யாரையும் பார்க்க விரும்பல, உங்களைக் குறிப்பா" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினேன். உள்ளே அவன், "யாருக்கா?" என்பான். "துணி கொடுக்க வந்தவங்க" என்பேன். கொஞ்ச நாள் கழித்து, "டீச்சர் ஒரு தடவைகூட வரலையேக்கா" என்றான். "சின்னப் பொண்ணு. அவ வாழ்க்கையை அவ பார்க்க வேணாமா?" என்றேன். நீங்கள் எழுதிய மூன்று கடிதங்களும் மிஷின் டிராயரில் இருந்தன. நான் பிரிக்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் படிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. இதோடு வைத்திருக்கிறேன்.

இப்போதுள்ள ஆன்டெனாவை அவனோடு தொழில் செய்த நண்பர் வந்து மாட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகு ஏழு வருஷம் நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். டிவி தெரியும்படி அவன் கட்டிலைத் திருப்பிப் போட்டேன். பந்து விளையாட்டு நேரலையில் வந்தால் மிஷினை நிறுத்திவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பேன். அவன் முதுகில் ஒரு புண் வந்ததில்லை. வாரம் ஒருமுறை வரும் நர்ஸ் மற்ற வீடுகளில் போய் என்னைப் பற்றிச் சொல்வாராம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம். அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். டிவியில் அந்த நீல ஏப்ரன் பெண் வந்தாள். நான் பாட்டுக்குச் சொன்னேன்: "அட, இவளுக்கும் நரைச்சிடுச்சே. நீ அன்னிக்கு மேல நின்னப்பகூட இவதான் வெங்காயம் நறுக்கிட்டிருந்தா."

அவன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான்.

"படம் தெரிஞ்சுதா?" என்றான்.

நான் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தேன்.

"எத்தனை கோடு இருந்துச்சுக்கா?"

கோபமாகக் கேட்கவில்லை. கூரைமேல் நின்று கேட்ட அதே குரல்தான். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "சாப்பிடு, ஆறிடும்" என்றேன். அவன் ரொம்ப நேரம் கூரையையே பார்த்தான். பிறகு, "டிவியை அணைச்சிடு" என்றான். கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போனது. அதைத் துடைக்க அவனால் முடியாது. நான்தான் துடைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவன் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. தண்ணீர் என்பான், போதும் என்பான். நான் டிவி போட்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். நாள்பட்ட நோயாளிக்குப் பேச்சே அலுத்துப்போகும் என்று நர்ஸ் சொன்னார். அப்படித்தான் இருக்க வேண்டும். கடைசி மாதம் நெஞ்சில் சளி கட்டியது, நினைவு தப்பியது. நினைவு தப்பிய பிறகு இரண்டு முறை உங்கள் பெயரைச் சொன்னான். உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். போலீஸ் வந்தாலும் இதையேதான் சொல்வேன், ஒரு வார்த்தை மாறாது. படம் தெளிவாக இருந்தது, கட்டை உளுத்திருப்பது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் அவனை அந்த மூலைக்குப் போகச் சொன்னேன். எந்தத் தண்டனையானாலும் எனக்குப் பயமில்லை, ஏனென்றால் தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் எப்போதோ சொல்லிவிட்டான். நர்ஸிடம் அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மன்னிக்காத மனுஷன் நாலு வருஷமாக மூன்று வேளையும் என் கையால் வாங்கிச் சாப்பிட்டிருப்பானா, நீங்களே சொல்லுங்கள்.