காராச்சேவு தின்ற கெண்டை

விருதுநகரிலிருந்து மல்லாங்கிணறு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் பலகாரக் கடைக்காரர், மற்றவர் அவருக்கு மாப்பிள்ளை முறை.

"எம் மீனுக்கு மன உளைச்சலாம் மாப்ள," என்றார் கடைக்காரர்.

"மீனுக்கா?"

"ஆமா. பண்ணைக்குட்டைல கெண்டை விட்டிருந்தேன்ல, உடம்பெல்லாம் புண்ணு. மீன்வளத்துறை ஆபீசர் வந்து, என்ன தீனி போட்டீகன்னு கேட்டாரு. கடையில மிஞ்சுன காராச்சேவுன்னேன். என்னைய ஏற இறங்கப் பாத்தாரு."

"பெறகு?"

"எண்ணெப் பலகாரம் தண்ணியக் கெடுத்துருச்சாம். அதுபோக, இந்தக் காஞ்ச ஊருல மீனு வளக்கிறோம்ங்கிற பெருமைல, வாரவுகளுக்கெல்லாம் வலையப் போட்டு அள்ளிக் காட்டுனேன். கரண்டு கணக்கெடுக்க வந்தவரக்கூட விடல. அதுல மெரண்டு போயி, தீனி எடுக்காம நோய் புடிச்சிருச்சாம்."

"என்ன மருந்து குடுத்தாரு?"

"மருந்தெல்லாம் கெடையாது. எண்ணெப் பண்டத்த நிறுத்துங்க, நிம்மதியா இருக்க விடுங்கன்னுட்டுப் போயிட்டாரு. இதையேதான் டாக்டரு எனக்கு மூணு வருசமாச் சொல்லிக்கிட்டு இருக்காரு."

"மீனு தேறிருச்சா?"

"சொன்னபடி நடந்துக்கிருச்சு, தேறிருச்சு. இப்ப துள்ளிக்கிட்டுத் திரியுது."

"அப்ப மிஞ்சுற சேவ என்ன செய்யிறீக மாமா?"

கடைக்காரர் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார்.

"அதத்தான் குட்டைல கொட்டக் கூடாதுன்னுட்டாரே," என்றபடி ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.