ஜெர்ரி வைத்த செம்பருத்தி

செடியில் எறும்பு ஏறினால் எறும்பைத் திட்டாதே, இலையைத் திருப்பிப் பார் என்பேன் நான். அம்மாவை ஓசூருக்குக் கூட்டிப்போக வந்தவள், செம்பருத்தி எப்படிச் செத்தது என்று கேட்டாய், ஹெலன். சொல்கிறேன். லாரி ஓட்டிய காலத்திலிருந்தே நான் புளுகன் என்று பேர் வாங்கியவன். நம்புவது உன் இஷ்டம்.

உன் தம்பி ஜெர்ரி விபத்தில் போனபிறகு உன் அம்மா அன்னாளம்மா நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற மதில் பக்கமே வரவில்லை. அவன் வைத்த செடியில் வெள்ளை கண்டதும்தான் என்னைக் கூப்பிட்டார்.

“செங்கோடண்ணா, இதென்னங்க பஞ்சாட்டம்?”

“மாவுப்பூச்சிங்கம்மா. சாறு குடிச்சுட்டு இனிப்பா ஒழுக உடும். அதுக்குத்தான் எறும்பு மாடு மேய்க்கறாப்பல காவல் நிக்குது. எறும்பு லேசுப்பட்டதில்லீங்க. நாமகிரிப்பேட்டையில லாரிய நிறுத்திட்டு டீ குடிச்சுட்டு வாரேன், முன் டயரைக் கழட்டி வெச்சிருக்குது. போல்டையெல்லாம் வரிசையா அடுக்கி வேற.”

“ஏனுங்கண்ணா, எறும்புக்கு ஸ்பேனர் யாரு குடுத்தா?” என்று சிரித்துவிட்டார். ஜெர்ரி போனபின் அதுதான் முதல் சிரிப்பு. என் வீட்டுக்காரி முத்தாயம்மாள் போனபின் என் வீட்டிலும் சிரிப்புச் சத்தம் கிடையாது.

ஜெர்ரி கல்லறைக்குப் போகிற பூ என்று அம்மா மருந்தடிக்க விடவில்லை. தினமும் சோப்புத் தண்ணீரில் இரண்டு பேரும் இலை இலையாகத் துடைத்தோம். செடி தேறியது. அம்மா மறுபடி கதவைச் சாத்திக்கொண்டார்.

அதனால் என் கொய்யாவில் பூச்சி அப்பிய கிளையை ஒடித்துச் செம்பருத்திக்குள் செருகினேன். எறும்பு வந்துபோக மதிலுக்கு மேலே ஒரு கயிறு கட்டினேன். துணி காயப்போட என்று சொன்னேன்; அம்மாவும் துண்டு காயப்போட்டார். பூச்சியைத் தின்னப் பொறிவண்டு வரும். மறுபடி இலை துடைக்க வந்த அம்மாவிடம் கதை சொல்லிக்கொண்டே அதுகளை விரலுக்குள் நசுக்கிவிடுவேன். செடி சாகவேண்டும் என்று நினைக்கவில்லை. சீக்காக இருந்தால் போதும். அளவு தப்பிவிட்டது.

காய்ந்த அன்று அம்மா தண்டைப் பிடித்துக்கொண்டு, “இவனையும் நாந்தான் சரியா பாக்காம உட்டுட்டேனுங்கண்ணா” என்றார். நான் மறுக்கவில்லை. அதற்கப்புறம் பேச்சே இல்லை. இப்போது காரில் உட்கார்ந்து இந்தப் பக்கம் திரும்பாமல் இருக்கிறாரே, அப்படித்தான்.

ஆனால் முதல் தடவை தேறியபோதே ஒரு குச்சி ஒடித்து என் வீட்டுப் பின்பக்கம் நட்டுவைத்தேன். தண்டைச் சுற்றி லாரி கிரீஸ் தடவியிருக்கிறேன். ஓர் எறும்பும் ஏறாது. இன்றைக்குக்கூடப் பூத்திருக்கிறது. அப்படிப் பார்க்காதே, சாமி. தரமாட்டேன் என்றா சொன்னேன்? அம்மாவையே அடிக்கடி வந்து பார்க்கச் சொல். ஓசூருக்கு எடுத்துப்போய், அங்கே பூச்சி விழுந்தால் யார் பார்ப்பார்கள்?