கோடு தாண்டாத செல்கள்

“என்னங்க, கேன்சர் கோடு தாண்டவே இல்லைங்க!”

கிண்டியில் தாம்பரம் ரயிலுக்குள் பாய்ந்து ஏறிய பெண், உள்ளே நின்றிருந்த கணவனைப் பார்த்துக் கத்தினாள். உட்கார இடம் கிடைக்காமல் நான் ஏற்கெனவே எரிச்சலில் இருந்தேன். அவளோ ஒரு கையில் மாட்டிய நீல ரப்பர் கையுறையோடு சிரிக்கிறாள்.

“மெதுவா சொல்லு நஸ்ரின். எந்தக் கோடு?”

“தட்டுல கேன்சர் செல்லை வளர்த்து நடுவுல கோடு கீறுவோம்ல? எப்பவும் ரெண்டு பக்கத்துலேருந்தும் செல் பரவி கோட்டை மூடிடும். நான் ஆராயுற ஆர்என்ஏவை வேலை செய்யவிடாம அடக்கின தட்டுல அப்படியே நிக்குது!”

“புரோட்டீனே செய்யாத தண்டம்னு உங்க லேப் சார் திட்டினாரே, அந்த நீளமான ஆர்என்ஏவா?”

“அதேதான். செல்லைப் பரவச் சொல்லி முடுக்கி விடுறதே அதுதான் போல!”

“இந்தத் தடவையும் ரிசல்ட் வரலைன்னா ஆராய்ச்சித் தலைப்பையே மாத்தணும்னாரே?”

“இப்ப மைக்ரோஸ்கோப்பை விட்டு எழுந்திரிக்க மாட்டேங்கிறாரு. இதையே பண்ணும்மான்னுட்டாரு.”

“அப்ப மருந்து ரெடியா?”

“அட, இது வெறும் தட்டுங்க. மனுஷனுக்கு வர இன்னும் எவ்வளவோ இருக்கு.”

பல்லாவரத்தில் ஏறிய ஒரு தடியன் என் காலை மிதித்தான். அப்போதுதான் கணவன் அந்தக் கையுறையைக் கவனித்தான்.

“இது என்ன கையில?”

“அய்யோ! வெறும் கை பட்டா ஆர்என்ஏ சிதைஞ்சிடும்னு போட்டது. ஓடி வந்ததுல கழட்ட மறந்துட்டேன்.”

“நாளைக்கும் அதே ஆர்என்ஏதானே? அப்புறம் எதுக்குக் கழட்டுற? போட்டுக்கிட்டே தூங்கு.”

பெட்டியே சிரித்தது. தடியனைத் திட்ட வாயைத் திறந்த நானும் சிரித்துத் தொலைத்தேன்.