முழங்கால் வரைக்கும் வெளிச்சம்

போனை எல்லாம் கவிழ்த்து வையுங்கள். அந்த வெளிச்சம்கூட வேண்டாம். கரண்ட் வரும்போது வரட்டும், நம் மாங்காட்டில் அது போனால் சீக்கிரமா வந்துவிடப் போகிறது? ரோஹித், நீ கொஞ்சம் கிட்டே வா. காருக்கு எல்.இ.டி. லைட் மாட்டப் போகிறேன் என்று அரை மணி நேரமாகப் பீற்றிக்கொண்டிருந்தாய் அல்லவா, அதனால்தான் சொல்கிறேன். என் ஆபீஸில் ஜெயப்பிரியா என்று ஒரு பெண் இருக்கிறாள். அவளுடைய சித்தப்பாவுக்கு நடந்தது இது.

விடியற்காலை நாலே கால்... ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற ரோடு. சென்னீர்குப்பம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், இடது பக்கம் நீளமாக ஒரு காம்பவுண்டு சுவர், வலது பக்கம் முள்செடி. விளக்குக் கம்பங்கள் வரிசையாக நிற்கும், எரிவது ஒன்றுகூடக் கிடையாது. லாரி போனால் அந்தச் சத்தம். போகாவிட்டால் தவளைச் சத்தம்.

அந்த ரோட்டில்தான் சுப்பராயன் சித்தப்பா தினமும் போவார். கள்ளிக்குப்பத்து ஆள், இருபத்திரண்டு வருஷமாக டிரைவர். விடியற்காலையில் இரண்டு ஐ.டி. பெண்களை வீட்டு வாசலில் ஏற்றி ஆபீஸில் கொண்டுபோய் விடுகிற வேலை. இத்தனை வருஷத்தில் ஒரு நாயைக்கூட இடித்ததில்லை. மனிதருக்குத் தன் கண் மேல் அப்படி ஒரு கர்வம். அந்தக் கண்ணை வைத்துத்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

வண்டி அவருடைய மச்சானிடமிருந்து வாங்கியது. மனைவி தாட்சாயிணியின் தம்பி வினோத், அம்பத்தூரில் கார்களுக்கு சீட் கவர், ஸ்பீக்கர், லைட் எல்லாம் மாட்டுகிற கடை வைத்திருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் தன் காரை விற்கப் போகிறேன் என்றபோது, தாட்சாயிணிதான் அதை மாமாவுக்கே கொடு என்று ஒற்றைக் காலில் நின்றாள். வண்டி தங்கம். ஆனால் ஹெட்லைட்? பழைய ஹாலஜன் பல்பு. அழுக்கு மஞ்சளாக இரண்டு கஜ தூரம் தெரியும், அதற்கு மேல் குருட்டு அதிர்ஷ்டம்தான்.

"டேய் வினோத், ஒரு எல்.இ.டி. போட்டுக் குட்றா" என்று இவர் கேட்காத மாதம் இல்லை.

"இன்னாத்துக்கு மாமா? கம்பெனி லைட்டே நல்லாத்தான கீது" என்பான் அவன்.

ஊரில் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் எல்.இ.டி. மாட்டிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவன், சொந்த அக்கா புருஷனுக்கு மட்டும் மாதம் ஒரு சாக்கு சொன்னான். ஸ்டாக் இல்லை என்பான், ஒயரிங் தாங்காது என்பான். சித்தப்பாவும் அவன் சொன்னால் சரி என்று திரும்பி வந்துவிடுவார். மச்சான் பேச்சுக்கு மறுபேச்சு பேசாத ஆள் அவர்.

போன ஐப்பசியில் ஒருநாள், அடைமழையில், ஓர் எருமை மேல் மோதாமல் நூலிழையில் தப்பினார். அன்று சாயங்காலம் நேராகக் கடைக்குப் போய் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "இன்னிக்கு மாட்டாம நான் எழுந்துக்க மாட்டேன்" என்றார். கடையில் நாலு பேர் பார்க்கிறார்கள்... வினோத் வேறு வழியில்லாமல் பானட்டைத் திறந்தான்.

யூனிட்டை மாட்டி முடிக்க இருட்டிவிட்டது. மாட்டினால் மட்டும் போதாது, ஃபோகஸ் வைக்க வேண்டும். கடைக்குள் காரைச் சுவரைப் பார்த்து நிறுத்தி, சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டில் வந்து உட்காரும்வரை ஒரு ஸ்குரூவைத் திருகுவார்கள். "நீ போயி ரெண்டு டீ வாங்கியா மாமா" என்றான் வினோத்.

டீயோடு திரும்பினால்... ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனார். வினோத் பானட்டுக்குள் கையை விட்டு ஸ்குரூவைத் திருகிக்கொண்டிருந்தான். கர்ர்... கர்ர்... கர்ர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சுவரில் வெளிச்சம் சாக்பீஸ் கோட்டைத் தாண்டி வெகு கீழே, முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது.

"இன்னாடா இவ்ளோ கீழ?"

"எதுர்ல வர்றவனுக்குக் கண்ணு கூசும் மாமா. போலீஸு புடிப்பான்." அவன் டீயை வாங்கவில்லை. "இன்னொண்ணு... டிம்லயே ஓட்டு. பிரைட்டு போடாத. யூனிட்டு சூடாயி பூடும்."

டிம் என்றால் ரோட்டைப் பார்த்துக் கீழே விழுகிற வெளிச்சம், பிரைட் என்றால் நிமிர்ந்து நேரே போகிற வெளிச்சம். இருபத்திரண்டு வருஷ டிரைவருக்கு இதை ஒரு கடைக்காரன் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் மச்சான் சொல்லிவிட்டான். சித்தப்பா தலையாட்டினார்.

மறுநாள் விடியற்காலை, அந்தப் பெண்களை ஏற்றுவதற்காகத் தனியாகக் கிளம்பினார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் கிளம்பினார். ரோடு பால் ஊற்றியது போல் வெள்ளையாகத் தெரிந்தது. ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. ஆனால் எல்.இ.டி. வெளிச்சத்துக்கு மேலே ஒரு விளிம்பு உண்டு, கத்தியால் அறுத்த மாதிரி. அந்த விளிம்புக்குக் கீழே பட்டப்பகல். மேலே... ஒன்றும் இல்லை. மை.

காம்பவுண்டு சுவர் ஆரம்பித்தது. நாலே கால்.

ரோட்டின் நடுவில் இரண்டு கால்கள் நின்றன.

பிரேக்கை மிதித்தார். டயர் கிறீச்சிட்டு நின்றது. பெண்ணின் கால்கள்தான். ஈரமான புடவைக் கரை, விரலில் மெட்டி. ஒரு காலில் ரப்பர் செருப்பு, இன்னொரு கால் வெறும் கால். முழங்கால் வரைக்கும் அப்படித் தெளிவாக... முழங்காலுக்கு மேலே இருட்டு. ஆள் இருந்தால் இருட்டிலும் ஒரு உருவம் தெரிய வேண்டாமா? தெரியவில்லை. மழையில் நனைந்த சாக்கு நாற்றம் வண்டிக்குள் வந்தது. ஜன்னல் எல்லாம் ஏற்றியிருந்தது, அன்றைக்கு மழையும் இல்லை.

பிரைட் போட கை போனது. யூனிட் சூடாகிவிடும் என்று மச்சான் சொன்னது ஞாபகம் வந்து, கையை எடுத்துக்கொண்டார். அந்த நிலைமையிலும் பாருங்கள், மச்சான் பேச்சு! பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. திரும்பிப் பார்த்துவிட்டு முன்னால் பார்த்தால் வெறும் ரோடு.

மறுநாளும் அந்தக் கால்கள் நின்றன. அதற்கு அடுத்த நாளும்.

வீட்டில் சொன்னார். சோறு போட்டுக்கொண்டிருந்த தாட்சாயிணி கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "உங்க கண்ணு கெட்டுப் போச்சுங்க" என்றாள். வினோத்திடம் சொன்னார். அவனும் அதையே சொன்னான், அதே வார்த்தையில். சரி என்று கண் டாக்டரிடம் போனார். டாக்டர் சொட்டு மருந்து விட்டு, டார்ச் அடித்துப் பார்த்து, இந்த வயதில் இப்படி ஒரு கண்ணா என்று ஆச்சரியப்பட்டு அனுப்பினார். சந்தோஷமாக வீட்டுக்கு வந்து சொன்னால், அங்கே வந்திருந்த வினோத் உச்சுக் கொட்டினான். "அப்போ கண்ணுல இல்ல மாமா... மண்டையில ஏதோ கீது."

மனிதர் உடைந்து போய்விட்டார். அக்காவும் தம்பியும் அவரைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. மெதுவாகப் பேசினார்கள், சாவியை எடுத்து ஒளித்து வைத்தார்கள். தன் கண்ணைத் தானே நம்பாமல், பகலில்கூட ரோட்டைக் கடக்கப் பயந்தார். நாலாம் நாள், அவருக்கு அந்த வேலையைக் கொடுத்திருந்த டிராவல்ஸிலிருந்து, இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஏன் என்று கேட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணாத்தே. உங்க மச்சான்தான் போன் பண்ணாரு. உங்களுக்குப் புத்தி சரியில்ல, ரோட்டுல என்னென்னவோ தெரியுதாம்... ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள எப்படி அனுப்பறது?"

அடுப்பில் கை வைத்தவனே நம் சொந்தம் என்றால் வயிறு எப்படி எரியும்? அன்று ராத்திரி சித்தப்பா தூங்கவில்லை. தூங்காமல் யோசித்தவருக்கு ஒரே ஒரு கேள்வி. பிரைட் போட வேண்டாம் என்று ஏன் சொன்னான்?

வாழ்க்கையில் முதல் தடவையாக மச்சானிடம் பொய் சொன்னார். "வண்டிய வித்துடலாம்டா. சென்னீர்குப்பத்துல ஒரு பார்ட்டி கீறாரு, விடிகால லோடு ஏத்தக் கிளம்பறதுக்குள்ள பாக்கணுமாம். நீ வந்தாத்தான் பேச முடியும்." வண்டி தொலைந்தால் போதும் என்று, ஒளித்து வைத்த சாவியையும் எடுத்துக்கொண்டு வினோத் துள்ளிக் குதித்து வந்தான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பருத்திப்பட்டு தாண்டும்வரை பேசிக்கொண்டே வந்தான். அதற்குப் பிறகு பேச்சு குறைந்தது. காம்பவுண்டு சுவர் வந்ததும் நின்றேவிட்டது.

கால்கள் நின்றன. மெட்டி, ஒற்றைச் செருப்பு.

சித்தப்பா வண்டியை நிறுத்தினார். "தெரியுதாடா?" என்றார். வினோத் குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒண்ணும் தெர்ல மாமா. வண்டிய எடு."

சித்தப்பா பிரைட்டைப் போட்டார்.

டக்.

முழங்காலுக்கு மேலே இருந்த இருட்டு போய்விட்டது. முப்பது வயதிருக்கும். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. கையில் நசுங்கிய டிபன் பை. ஒரு பக்கத்துத் தலைமுடி கன்னத்தோடு ஒட்டி உறைந்திருந்தது. கோபமாக இருப்பாள் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. கூட்டத்தில் தெரிந்தவர்களைத் தேடுகிற முகம். ஸ்டியரிங் பக்கம் பார்த்தாள். சித்தப்பாவை வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

நடந்து வந்தாள். டப்... அப்புறம் சத்தம் இல்லாமல் ஒரு அடி... டப். வெளிச்சத்தைத் தாண்டியதும் ஆள் தெரியவில்லை, செருப்புச் சத்தம் மட்டும் வண்டியின் இடது பக்கமாக வந்தது. வினோத் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சீட்டுக்குள் சுருண்டான். டப்... சத்தம் அவன் ஜன்னலுக்கு வந்தது. நிற்கவில்லை. அவனையும் தாண்டிப் போனது. பின் கதவுக்குப் பக்கத்தில் போய்த்தான் நின்றது.

கதவின் கைப்பிடி மேலே போய்க் கீழே விழுந்தது. டடக். மறுபடியும்... டடக்.

"இன்னிக்கு அது வர்லம்மா..." வினோத் அழுதான். "பின்னால யாரும் இல்லம்மா... அது வர்ல... போயிடும்மா..."

எவ்வளவு நேரம் என்று தெரியாது. நாற்றம் கரைந்து போனபோது தவளைகள் மறுபடியும் கத்தின. அவர் கேட்கும் முன்பே வினோத் தானாகச் சொன்னான். மூன்று வருஷத்துக்கு முன்னால்... இதே நேரம்... மழை. மஞ்சள் லைட்டில் ஆள் தெரியவில்லை. நிறுத்தினான். கதவைத் திறந்தான். அவள் ரோட்டில் கிடந்து வண்டியின் பின் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், உயிர் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். "நல்ல லைட்டு போட்டா அவ தெரிஞ்சிடுவாளோன்னு பயந்துதான் இத்தினி நாள் சாக்கு சொன்னேன். ஃபோகஸ் வெக்கறப்பவே சுவத்துல பாத்துட்டேன் மாமா. தலையோட நெழலு... முன்னாடி ஆளே இல்ல, நெழலு மட்டும் நிக்குது. கீழ எறக்கினா உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்."

"என் கண்ணு கெட்டுப் போச்சின்னியேடா..." என்றார் சித்தப்பா. செத்தவளைப் பார்த்த பயம்கூட அவருக்கு இல்லை. இது தாங்கவில்லை. "நல்லாக் கீற கண்ண கெட்டுப் போச்சின்னு சொல்லி... என்னைப் பைத்தியக்காரன் ஆக்கிட்டியேடா! நீ எனக்குப் புள்ள மாதிரிடா!"

வினோத்தின் கை கதவைத் தேடியது.

"அது வர்லன்னியே. எது? அன்னிக்குப் பின்னால யார்ரா இருந்தா?"

வினோத் கதவைத் திறந்து இறங்கினான். திரும்பிப் பார்க்காமல் ஆவடிப் பக்கமாக நடந்து இருட்டுக்குள் போய்விட்டான்.

சித்தப்பா கள்ளிக்குப்பம் வந்து சேர்ந்தபோது மணி ஐந்து. தெருவில் பால் பாக்கெட் போடுகிறவன்கூட வரவில்லை. வீட்டில் லைட் போடாமல், மாடிப்படியில் தாட்சாயிணி உட்கார்ந்திருந்தாள். பார்ட்டி வண்டியைப் பார்த்தாரா என்று கேட்கவில்லை. தம்பி எங்கே என்றும் கேட்கவில்லை. சித்தப்பா இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நடந்ததைச் சொல்லவும் இல்லை. அவளாகத்தான், மெதுவாகக் கேட்டாள்.

"பின் கதவாண்ட நின்னு... என்னைத் தேடுனாளா?"