வளைவில் மட்டும் கேட்ட சத்தம்

சாயா நன்றாக இருக்கிறது சார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. உங்களுக்குத் தமிழ் புரிவதும் நல்லதாயிற்று. நான் மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவன்தான். மலையாளத்தில் விலை பேசுவேன், சண்டையும் போடுவேன். ஆனால் இந்த மாதிரி விஷயம் சொல்ல வீட்டுப் பாஷைதான் வருகிறது.

என் பெயர் பிச்சுமணி. பஜார் ரோட்டுக்குப் பின்னால், சுக்குக் கிடங்கை ஒட்டி, இருபத்திரண்டு வருஷமாக வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். இறந்துபோன அழகர் எங்கள் தெருக்காரன். அவனுடைய அம்பாசடர் டாக்சியில் என்னைத் தவிர வேறு யாரும் ஸ்பானர் வைத்ததில்லை.

இந்த எழுபத்தொன்பது ஜனவரியில் ஒருநாள் வந்தான். “அண்ணே, வளைக்கும்போ ஒரு சத்தம். டிக், டிக்குன்னு. ஒண்ணு நோக்குங்க.”

ஓட்டிப் பார்த்தேன். கொட்டார முக்கில் இடப்பக்கம் வளைத்தேன், வலப்பக்கம் வளைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. சக்கர நட்டுகளை இறுக்கி அனுப்பினேன். மறுவாரமே திரும்பி வந்தான். அப்படி நான்கு முறை. அவன் ஓட்டினால் கேட்கிற சத்தம் நான் ஓட்டினால் கேட்கவில்லை.

சவாரிக்கு எர்ணாகுளம் போனவன் அங்கே ஒரு மெக்கானிக்கிடம் காட்டியிருக்கிறான். ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியின் ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றானாம் அந்த ஆள். அழகர் அங்கேயே மாற்றியிருக்கலாம். என்மேல் இருந்த மரியாதையால் என்னிடம் கேட்க வந்தான். கேட்ட இடம்தான் சரியில்லை. சாயாக்கடையில், பத்துப் பேர் முன்னால் கேட்டான்.

“அந்த ஜாயிண்டுல கேடு இருந்தா என் மீசைய எடுத்துர்றேன்டா” என்றேன்.

சத்தம் நிற்கவில்லை. தெருவில் என்னைப் ‘பொட்டன் மேஸ்திரி’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். செவிடனுக்கும் மடையனுக்கும் மலையாளத்தில் ஒரே சொல்லை வைத்த புண்ணியவான் யாரோ.

அதன்பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாக்குவெட்டி டிக் என்றால் எழுந்து நிற்பேன். சைக்கிள் பெடல், கிடங்குப் பூட்டு, என் மனைவி சீனியம்மாளின் வளையல், எதில் காது வைத்தாலும் அதுதான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வாசலுக்குப் போவேன், அழகர் வண்டி முக்கில் திரும்புகிறதா என்று கேட்க. கை கழுவியதுகூட நினைவிருக்காது.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை பிடிபட்டது. நான் எப்போதும் தனியாக ஓட்டிப் பார்த்தேன். அழகரோ ஆள் ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறவன். கிடங்கில் கேட்டு இரண்டு சுக்கு மூட்டையை அழகர் வண்டியின் முன் சீட்டில், என் பக்கத்தில் ஏற்றினேன். கொட்டார முக்கில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தேன். டிக் என்றது. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன் சார்.

திரும்பி வந்து ஜாக்கி வைத்துத் தூக்கி, முன்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து அசைத்தேன். ஜாயிண்ட் கையோடு ஆடியது. எர்ணாகுளத்துக்காரன் சொன்ன அதே ஜாயிண்ட். அதிலுள்ள உருண்டை தன் கிண்ணத்தில் நிலைகொள்ள முடியாத அளவுக்குத் தேய்ந்திருந்தது. புதியது என் அலமாரியில் இருந்தது. அரை மணி நேர வேலை.

ஆனால் மாற்றினால், கழற்றிய சாமானை அழகர் கேட்டு வாங்குவான். அது அவன் வழக்கம். நேரே சாயாக்கடைக்குக் கொண்டுபோவான். கெட்ட எண்ணத்தில் அல்ல, அவன் சுபாவம் அப்படி. ஆகவே கெட்டி கிரீஸை எடுத்து ஜாயிண்டில் திணித்தேன். சத்தத்தைச் சில நாளைக்கு அது விழுங்கிவிடும். அதே மூட்டைகளோடு மறுபடி ஓட்டிப் பார்த்தேன். கேட்கவில்லை.

“என்னாச்சுண்ணே?” என்று வந்தான் அழகர்.

“ஒண்ணும் இல்லடா. கிரீஸ் வறண்டிருந்துச்சு. இனி பேடிக்கண்டா, பயமில்லாம ஓட்டு.”

அன்று தெருவுக்கே அவன் செலவில் சாயா. “அண்ணனுக்குப் பாம்புச் செவியாக்கும்” என்றான். அதற்குப்பின் யாரும் என்னைப் பொட்டன் என்று கூப்பிடவில்லை. அடுத்த வாரம் ஏதாவது சாக்குச் சொல்லி வண்டியை வாங்கி ஜாயிண்டை மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே களமசேரியில் ஒரு கல்யாணம். எங்களையும் ஏற்றிக்கொள்ளக் காலையிலேயே அழகர் வந்துவிட்டான். முன்னால் அவன் மனைவி மாயம்மாளும் மைத்துனன் அப்புவும். பின் சீட்டில் சீனியம்மாள் ஏறி உட்கார்ந்து பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“நீ இறங்கு. நாம காயல் வழியா போட்டுல போலாம்” என்றேன் அவளிடம்.

“எதுக்கு? வண்டிதான் வாசல்ல நிக்குதே.”

“காத்தோட்டமா போலாம். இறங்குன்னா இறங்கு.”

மாயம்மாள் சிரித்துவிட்டாள். “அண்ணனுக்கு ஆசையப் பாருங்க மதினி.”

சீனியம்மாள் வெட்கப்பட்டுக்கொண்டே இறங்கினாள். வண்டி கிளம்பி முக்கில் திரும்பியது. அப்போது டிக் என்று கேட்டது. அவளுக்கும் கேட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். கூப்பிட்டால் நிற்கும் தூரம்தான். தெருவில் நிறையப் பேர் நின்றிருந்தார்கள்.

எர்ணாகுளம் வரை படகு, அங்கிருந்து பஸ். கல்யாண வீட்டில் எல்லாரும் அழகர் வண்டி வருகிறதா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லையாம். சீனியம்மாள் கவனித்திருக்கிறாள். பாயசம் பரிமாறும்போது செய்தி வந்தது. தோப்பும்படிப் பாலத்து வளைவில் சக்கரம் தன் போக்கில் திரும்பி, வண்டி கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு காயலில் விழுந்துவிட்டது. மூன்று பேரும் போய்விட்டார்கள்.

பதினொரு நாள் சீனியம்மாள் என்னோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் இந்த ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் பேசியிருக்கிறாள். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

தெரிந்தே அனுப்பினாயா என்று கேட்கிறீர்கள். தெரியாமல் இருந்தால் அவளை ஏன் இறக்கப்போகிறேன் சார்? தெரிந்துதான் அனுப்பினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த வண்டியில் ஏறியவர்கள் நான்கு பேர். அதில் ஒருத்தியைக் காப்பாற்றியது நான்தான். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.