எல்லைக்குள் ஒரு கோடு

என் மனைவிக்கு எப்போதும் பாதம் சில்லிட்டுப் போகும். அதனால்தான் அந்தத் துணிச்செருப்பை வாங்கினேன், மேடம். அதன் அடியில் ஒரு சின்னக் கருவியைத் தைத்தது பிறகுதான். அவளிடம் சொல்லிவிட்டே தைத்தேன். வீட்டுக்குள் அவள் எங்கே நடந்தாலும் என் கணினிக்குத் தெரியும். அந்த நடையை வரைபொறி காகிதத்தில் கோடாக இழுக்கும்.

நீரில் விழுந்த மகரந்தத் துகள் ஒரு திட்டமும் இல்லாமல் அலையும். அந்த அலைச்சலுக்கும் ஒரு கணக்கு உண்டு. பதினைந்து வருடமாக நான் வரைந்தது அதைத்தான். கண்காட்சிகளில் பார்ப்பவர்கள் நன்றாயிருக்கிறது என்பார்கள், அடுத்தவர் படத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். என் கோட்டில் உயிர் இல்லை என்பது எனக்கே தெரியும். அவளுக்கோ ஓரிடத்தில் கால் தரிக்காது. அவள் அக்கா அவளைக் கூப்பிடுவதே 'சக்கரம்' என்றுதான். முதல் வாரத்துப் படத்தைக் காட்டியபோது, "நானா இப்படித் திரியறேன்?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒரே ஒரு குறை. அவள் வேலைக்கோ கடைக்கோ கிளம்பினால் கோடு காகிதத்தின் ஓரத்தோடு அறுந்துவிடும். மூடிய இடத்துக்குள் அலைந்தால்தான் அந்தக் கணக்கு அழகாகக் கூடிவரும். ஒரு நாள் வீட்டில் இருக்கச் சொன்னேன், இருந்தாள். ஒரு வாரம் இருக்கச் சொன்னேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். அடுத்த திங்கட்கிழமை நான் எதுவும் சொல்லவில்லை. வெளியே வந்து பூட்டினேன்.

எங்கள் வீடு மூடிப்போன ஓர் அச்சகத்தின் மேல்தளம். சுவர் இரண்டடி கனம். ஜன்னல்களுக்குப் பலகை அடித்தேன், வெளிச்சம் மாறினால் நடையும் மாறும் என்பதால். கதவின் அடியில் தட்டு நுழையும் அளவுக்கு வெட்டிவிட்டு, நான் கீழ்த்தளத்தில் இருந்துகொண்டேன். அவள் கைப்பேசி என்னிடம் இருந்தது. அவள் அலுவலகத்துக்கு ராஜினாமாக் கடிதம் அனுப்பினேன். வெளியூரில் ஏதோ படிப்பு என்று அக்காவுக்கு வாரம் ஒரு செய்தி, அவள் எழுதும் அதே பிழைகளோடு.

"என்னங்க, விளையாடாதீங்க. கதவத் தொறங்க" என்றாள் முதல் நாள். பிறகு கத்தினாள், தட்டினாள். ஒரு மாதம் கழித்து, "எவ்வளவு வேணாலும் நடக்கறேன். ஒரு ஜன்னலையாவது தொறந்து விடுங்க" என்றாள். நான் பதில் கொடுக்கவில்லை. பேச்சுக் கொடுத்தால் நடை கெட்டுவிடும். ஒருமுறை செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டாள். இரண்டு நாள் தட்டு வைக்க மறந்துபோனேன். மூன்றாம் நாள் கோடு மறுபடி நகர்ந்தது.

இப்படிப் பதினொரு மாதம்.

கண்காட்சியில் அந்தப் படம் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு நின்றது. அதன் முன்னால் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் முதல்முறை. வலது ஓரத்தில் மட்டும் மை ஏறி ஏறிக் காகிதம் நைந்திருந்தது. என்ன அது என்று கேட்டவர்களிடம், எல்லையில் மோதும் துகள் அங்கேதான் சுற்றும் என்று விளக்கினேன்.

பத்திரிகையில் பார்த்துவிட்டு அக்காவும் வந்திருந்தாள். வெகுநேரம் நின்றாள். எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் தங்கியவள். கோட்டின்மேல் விரலை ஓட்டி, "இது அடுப்படி. இது கட்டில்" என்று முணுமுணுத்தாள். விரல் அந்தக் கறுப்பில் போய் நின்றது.

"தம்பி, இது வாசக்கதவுதானே?"

காகிதம் கிழிந்துவிடும், விரலை எடுங்கள் என்றேன்.

"அவ எங்க?"

அக்கா நேரே உங்கள் காவல் நிலையத்துக்கு வந்தாள். அதன்பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். நீங்கள் கதவை உடைக்க வேண்டியிருக்கவில்லை, சாவியை நானே கொடுத்தேன். கதவு விரியத் திறந்தது. அக்கா கையை நீட்டிக்கொண்டு கூப்பிட்டாள். என் மனைவி சுவரோரம் உட்கார்ந்தபடியே இருந்தாள். ஓரடி எடுத்து வைக்கவில்லை. கடைசியில் இரண்டு பேர் தூக்கித்தான் கொண்டுபோனார்கள்.

பூட்டியது நான். பட்டினி போட்டதும் நான். எதையும் மறுக்கவில்லை. ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், மேடம். கதவு திறந்திருந்தும் அவளுக்கு என்னை விட்டுப் போக மனம் வரவில்லை.