முன்சக்கரத்துக் கல்

உட்கார நாற்காலி தந்ததற்கு நன்றி, ஐயா. தமிழ் தெரிந்த சப்-இன்ஸ்பெக்டரை மாட்டுங்காவிலிருந்து வரவழைத்தது இன்னும் பெரிய உபகாரம். என் இந்தியில் சொன்னால் இந்தக் காரியம் அநியாயத்துக்கு மோசமாகக் கேட்கும்.

நான் சிராஜ். குர்லாவில் மன்சூர் அலி நடத்தும் ஒர்க்‌ஷாப்பில் பதினோரு வருஷமாக மெக்கானிக். மன்சூர் அலி என் அக்காவின் புருஷன். போன வருஷம், 1964இல், ஒரு ஜீப்பை ஜாக்கி போட்டுத் தூக்கியபோது சக்கரத்துக்குக் கல் வைக்க மறந்துவிட்டேன். வண்டி உருண்டு சுவரில் மோதியது. ஒரு மட்கார்டு நசுங்கியது. யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் மச்சானுக்கு அது வற்றாத விருந்து. வருகிற ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும், டீ ஆறுவதற்குள் அந்தக் கதையைச் சொல்லிவிடுவார். எனக்குக் 'கல்லு சேட்' என்று பட்டமும் வைத்தார். சொந்தக்காரர் அல்லவா, பாசம்.

அதற்காக மச்சானை நான் ஒன்றும் செய்யவில்லை. அக்கா விதவையாகிவிடுவாள். எனக்கும் மனசாட்சி உண்டு.

இசக்கிமுத்து அண்ணாச்சி தாராவிக்காரர். எங்களோடு வேலை பார்த்தவர். பட்டாளத்தில் ஜீப் பழுதுபார்த்துவிட்டு வந்தவர். மச்சானின் கதைக்கு அவர் மட்டும் சிரித்ததே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் ஜாக்கி வைக்கும்போதெல்லாம் சத்தமில்லாமல் வந்து, ஒரு கல்லைச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். "மறந்தா என்ன தம்பி, நான் இருக்கேம்லா" என்பார். ஒருவனை வருஷம் முழுக்க இப்படி மன்னித்துக்கொண்டே இருப்பதற்கு உங்கள் சட்டப் புத்தகத்தில் என்ன தண்டனை போட்டிருக்கிறதோ, தெரியவில்லை.

பிறகு மச்சான் செம்பூரில் இரண்டாவது ஷெட் எடுத்தார். அதற்கு அண்ணாச்சிதான் பொறுப்பு என்றார். நியாயமான முடிவு. அண்ணாச்சி நேராக என்னிடம் வந்து, "நீயும் எங்கூட வா தம்பி. மன்சூர் பாய்கிட்ட நான் பேசுதேன். ஒன் வேலைக்கு நான் ஜவாப்தாரி" என்றார். அந்த நிமிஷமே நானும் ஒரு முடிவுக்கு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு கான்ட்ராக்டரின் ஜீப் வந்தது. பின்சக்கரம் மாற்ற வேண்டும். பிரேக் பைப்பும் ஒழுகியது. ஜீப்பில் ஒரு விஷயம் உண்டு, ஐயா. அதன் ஹாண்ட் பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. பின்பக்கம் போகும் தண்டைத்தான் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரம் தரையை விட்டு எழும்பினால் அந்தப் பிரேக் இருந்தும் இல்லாததுதான். அதனால் நாலு சக்கரத்துக்குமான கியரைப் போட வேண்டும். முன்சக்கரங்களுக்குக் கல் வைக்க வேண்டும். ஆள் அடியில் போவதென்றால் மரக்கட்டையும் நிறுத்த வேண்டும். எங்கள் வாசல் வேறு சாக்கடைப் பக்கம் சரிவு.

அன்று அண்ணாச்சி, மச்சான் காதில் விழும்படி, "இன்னைக்கு எல்லாத்தையும் சிராசு வைக்கட்டும். நான் திரும்பிப் பாக்க மாட்டேன்" என்றார். என் மானத்தைக் காப்பாற்றுகிறாராம். மச்சான் சிரித்துக்கொண்டே கான்ட்ராக்டரோடு உள்ளே டீ குடிக்கப் போனார்.

கட்டையை நிறுத்தினேன். மேலிருந்து வரும் கனத்தைத்தான் அது தாங்கும். வண்டி உருண்டால் கூடவே சாயும். இரண்டு கற்களையும் வைத்தேன். அண்ணாச்சி அடியில் போகும்வரை அவை வேண்டியிருந்தன. கியரை மட்டும் தொடவில்லை. ஜாக்கியை ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றியதும் அண்ணாச்சி மல்லாந்து உள்ளே நகர்ந்தார்.

"நாலு சக்கரக் கியர் போட்டாச்சா தம்பி?"

"போட்டாச்சு அண்ணாச்சி."

சுத்தியலால் முதல் கல்லைத் தட்டினேன்.

"என்ன சத்தம்?"

"கல்லு சரியா நிக்குதான்னு பாக்கேன்."

"நல்லது தம்பி. இப்பிடித்தான் இருக்கணும்."

இரண்டாவது கல்லையும் தட்டினேன். ஜீப் ஒன்றரை முழம்தான் நகர்ந்தது. அது போதுமானதாக இருந்தது.

மச்சான் ஓடிவந்தார். தெருவே கூடிய பிறகு தலையில் அடித்துக்கொண்டு, "இந்தப் பய திரும்பவும் கல்லு வைக்க மறந்துட்டான்" என்றார். உங்கள் ஹவில்தாரும் 'அஜாக்கிரதை' என்று எழுதிக்கொண்டு போனார். மூன்றாம் நாள், அதாவது இன்று காலை, அண்ணாச்சியின் மனைவி ஆவுடையம்மாளைப் பார்க்கப் போனேன். என்னைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வீங்கிய முகத்தோடு எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

"மறதி எல்லாருக்கும் உள்ளதுதான தம்பி. ஒன்ன நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவுக இருந்தாலும் சொல்ல மாட்டாவ."

அங்கிருந்து நேராக இங்கே நடந்து வந்தேன். துக்கம் தாங்காமல் என்று நினைத்துவிடாதீர்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். கியரைத் தெரிந்தேதான் போடவில்லை. கல்லை வைத்தேன், வைத்த கல்லை என் கையாலேயே தட்டி எடுத்தேன். இசக்கிமுத்துவை நான்தான் கொன்றேன். 'அஜாக்கிரதை' என்ற அந்தச் சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. அன்றைக்கு என் வேலையில் ஒரு குறையும் கிடையாது.